மறுபிறவியிலும் கழியாத கணக்கு: இருண்ட இசெகாய்க் கதைகளுக்கு ஓர் அறிமுகம்

ஓர் இளைஞன் டோக்கியோவில் தெருவைக் கடக்கிறான். லாரி மோதுகிறது. கண் திறந்தால் மதில் சூழ்ந்த ஊர், மந்திரம், குதிரை வண்டி, அவனுக்கென்றே எடுத்து வைத்த ஒரு வரம். ஜப்பானில் இந்த வகைக் கதைக்கு இசெகாய் என்று பெயர். சொல்லின் பொருள் 'வேறு உலகம்', அவ்வளவுதான். செத்துப் பிறந்தால் தென்செய், உடம்போடு போய் இறங்கினால் தென்யி என்று அதற்குள் இரண்டு கிளைகள் உண்டு. தென்செய் என்பது பௌத்தத்தில் புழங்கும் சொல். நாம் கேட்டு வளர்ந்த மறுபிறவிக் கதைகளைப் போலவே அந்த மரபிலும் செய்த வினை பிறவி தாண்டித் துரத்தும். இசெகாயில் நினைவு மட்டும்தான் கூட வருகிறது. முந்தைய வாழ்க்கையில் கற்றதெல்லாம் கையில் இருக்கும், பட்ட கடனெல்லாம் தள்ளுபடி. இந்த ஒரு மாற்றத்தைப் பிடித்துக்கொண்டால் இந்தக் கதைகள் ஏன் இவ்வளவு இனிக்கின்றன என்பதும், அவற்றை வைத்து ஏன் இவ்வளவு சண்டை நடக்கிறது என்பதும் விளங்கும்.

இங்கே பேசப்போவது அந்த இனிப்பைக் கசப்பாக்கும் கதைகளைப் பற்றி. உதாரணத்துக்கு எடுக்கும் கதைகளின் திருப்பங்கள் இடையிடையே வெளிப்பட்டுவிடும். புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சாதாரண இசெகாய் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடலாம். வேறு உலகத்துக்குப் போவது புதிய கற்பனை இல்லை. 1983இல் வந்த 'ஆரா பேட்லர் டன்பைன்' தொலைக்காட்சித் தொடரிலேயே ஒருவன் அப்படிப் போகிறான். 1990களில் பள்ளி மாணவிகள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். ஆனால் இன்று நாம் இசெகாய் என்று சொல்லும் வடிவம் உருவானது 'ஷோசெட்சுகா நி நாரோ' என்ற இணையதளத்தில். பெயருக்குப் பொருள் 'எழுத்தாளர் ஆவோம்'. 2004இல் தொடங்கிய இதில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தொடர்கதை எழுதலாம், யாரும் இலவசமாகப் படிக்கலாம். 'ரீ:ஸீரோ', 'கேடய வீரன்', 'முஷோக்கு தென்செய்' ஆகிய மூன்றும் 2012ஆம் ஆண்டில், ஒரே தளத்தில் ஆரம்பித்தவை.

அந்தத் தளத்தின் புள்ளிக் கணக்கு முக்கியம். ஒரு வாசகர் கதையைக் குறித்து வைத்துக்கொண்டால் 2 புள்ளி, நட்சத்திரம் போட்டால் அதிகபட்சம் 10 புள்ளி. ஆக ஒரு வாசகரிடமிருந்து 12. இந்தப் புள்ளிகளை வைத்துத் தினப் பட்டியல், வாரப் பட்டியல், மாதப் பட்டியல் என்று வரிசை போடுகிறார்கள். பட்டியலில் ஏறினால் கண்ணில் படும், கண்ணில் பட்டால் பதிப்பாளர் வருவார். தொடர்கதையில் ஹீரோ அடி வாங்கும் அத்தியாயங்கள் நீண்டால் வாசகர் கழன்றுகொள்வார் என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியும். அதனால் அவமானம் சுருக்கமாகவும் பதிலடி சீக்கிரமாகவும் வரும். அந்தப் பதிலடிக்கு அங்கே 'ஸாமா' என்று பெயர். 'நல்லா வேணும் உனக்கு' என்று நாம் சொல்வோமே, அதே தான். 2016இல் அந்தத் தளம் இசெகாய்க் கதைகளைத் தனிப் பட்டியலுக்கே ஒதுக்கியது. அவ்வளவு குவிந்துவிட்டன.

இப்படிப்பட்ட கதை வாசகருக்குச் சில உத்தரவாதங்களைச் சொல்லாமல் தருகிறது. ஹீரோவுக்கு 'சீட்' (cheat) எனப்படும் மிஞ்ச முடியாத சக்தி கிடைக்கும். பழைய உலகம் மதிக்காத அவனைப் புதிய உலகம் மதிக்கும். அவன் கொன்றால் அரக்கன்தான் சாவான், அதுவும் கணினி விளையாட்டில் போல மதிப்பெண்ணாக மாறி ஹீரோவின் கணக்கில் ஏறும். கடைசியாக, அவன் செய்ததற்கு யாரும் அவனிடம் விளக்கம் கேட்க மாட்டார்கள். இருண்ட இசெகாய் என்பது இந்த உத்தரவாதங்களில் ஒன்றையாவது வேண்டுமென்றே முறிக்கும் கதை. எதை முறிக்கிறது, யார் செலவில் முறிக்கிறது என்பதில்தான் அறம் சார்ந்த கேள்விகள் எல்லாம் தொடங்குகின்றன.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ரத்தம், சித்திரவதை, பாலியல் வன்முறை இருந்துவிட்டால் கதை மரபை உடைத்துவிட்டது என்று எண்ணிவிடுகிறோம். அப்படி இல்லை. மேலே சொன்ன அத்தனை உத்தரவாதங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு மேலே ரத்தத்தை ஊற்றினால் அது அதே இனிப்புதான், நிறம் மட்டும் வேறு. மாறாக, ரத்தமே அதிகம் இல்லாத ஒரு காட்சி மொத்த வகையையும் ஆட்டிவிடலாம்.

'ரீ:ஸீரோ'வில் அப்படி ஒரு காட்சி இருக்கிறது. ஹீரோ சுபாரு செத்தால் காலம் பின்னோக்கி ஓடி முன்பிருந்த ஒரு புள்ளியில் மீண்டும் தொடங்கும். அவனுக்கு எல்லாம் நினைவிருக்கும், மற்றவர்களுக்கு எதுவும் நினைவிருக்காது. எமிலியா என்ற பெண்ணுக்காக அவன் பலமுறை செத்துப் பிழைத்திருக்கிறான். 2016இல் வந்த அனிமேயின், அதாவது ஜப்பானிய அசைபடத் தொடரின், 13ஆம் பகுதியில், அரசவையில் தன்னை அவளுடைய வீரன் என்று அறிவித்துக்கொண்டு, ஒரு மெய்யான வீரனிடம் மரவாளால் அடிபட்டு, கட்டிலில் கிடக்கிறான். எமிலியா வந்து ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கிறாள். பேச்சு முற்றுகிறது. நான் உனக்கு எவ்வளவோ செய்திருக்கிறேன், திருப்பித் தர முடியாத அளவுக்கு நீ எனக்குக் கடன்பட்டிருக்கிறாய் என்ற பொருளில் கத்துகிறான். அவன் சொல்லும் உதவிகள் பல அவளுக்கு நடக்கவே இல்லை. கதையின் விதி அப்படி. இவன் அன்பு என்று நினைத்துச் செய்ததெல்லாம் கந்துவட்டிக்கு விட்ட பணம் மாதிரி ஆகிவிட்டது என்பதை அவளுடைய முகத்தைப் பார்த்து நாம் புரிந்துகொள்கிறோம். 'நல்லவன் நான், ஆகவே அவள் எனக்கு' என்ற இசெகாயின் அடிப்படைக் கணக்கை ஓர் அறைக்குள், இரண்டு பேரை வைத்து உடைத்துப்போட்டார்கள். இந்த வகையில் வந்த மிகத் துணிச்சலான காட்சி அதுதான் என்பது என் கருத்து.

கொலையின் எடையைக் காட்டும் கதைக்கு 'கிரிம்கர்' நல்ல உதாரணம். இதன் அனிமேயும் 2016தான். வந்து சேர்ந்தவர்களுக்கு நினைவும் இல்லை, வரமும் இல்லை. மாற்று உள்ளாடை வாங்கவே காசை எண்ணிப் பார்க்கிறார்கள். ஆறு பேர் சேர்ந்து ஒரே ஒரு கோப்ளினை, அதாவது குட்டி அரக்கனை, கொல்லத் திணறுகிறார்கள். அது சாக மறுக்கிறது, கிடைத்ததைப் பிடித்துப் போராடுகிறது, வலியில் கத்துகிறது. முடிந்ததும் யாரும் கொண்டாடுவதில்லை. மதிப்பெண் ஏறும் ஓசைக்குப் பதில் மௌனம். மற்றக் கதைகளில் முதல் ஐந்து நிமிடத்தில் நூறு கோப்ளின்கள் தூசியாவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது உறைக்கும்.

இந்த இரண்டிலும் ஹீரோ பலவீனமானவன். ஹீரோவே கொடியவனாக இருந்தால்? அதற்கு 'ஓவர்லார்ட்' என்ற கதையும் 'யோஜோ செங்கி' என்ற கதையும் இரண்டு வேறு வழிகளைக் காட்டுகின்றன.

'ஓவர்லார்ட்' கதையின் நாயகன் ஒரு சாதாரண அலுவலக ஊழியன். மூடப்படும் நாளன்று ஓர் இணைய விளையாட்டில் தங்கிவிட்டவன், தன் பாத்திரமான எலும்புக்கூடு மந்திரவாதியாகவே வேறு உலகில் கண்விழிக்கிறான். அந்த உடம்பில் உணர்ச்சி ஓர் அளவைத் தாண்டினால் தானாக அணைந்துவிடும். இரக்கம் வராததற்கு இது ஒரு சாக்கு போலத் தோன்றும். ஆனால் ஆசிரியர் ஒரு காரியம் செய்கிறார். அவனுடைய கல்லறைக் கோட்டைக்குள் கூலிக்கு வரும் ஒரு குழுவைப் பற்றி முன்கூட்டியே பொறுமையாகச் சொல்கிறார். அவர்களில் ஆர்ஷே என்ற பெண், ஊதாரிப் பெற்றோரிடமிருந்து இரண்டு தங்கைகளையும் பிரித்துக் கூட்டிப்போகப் பணம் சேர்க்கிறாள். அவர்களை உள்ளே வரவழைத்ததே கோட்டைக்காரர்கள்தான், காவலைச் சோதித்துப் பார்க்க. அவள் திரும்புவதில்லை. அதுவரை கோட்டையின் பக்கம் நின்று கைதட்டிய வாசகருக்கு வீட்டில் காத்திருக்கும் அந்த இரண்டு குழந்தைகளும் கண்ணுக்குள் நிற்பார்கள். சாகப்போகிறவருக்கு முதலில் ஒரு முகம், ஒரு வீடு, ஒரு தேவை கொடுத்துவிடுவது என்ற இந்த உத்திதான் அங்கே கைதட்டலைத் தடுக்கிறது. எனினும் அதே தொடரின் வேறு சண்டைகளில் ஆயிரக்கணக்கானோர் முகமில்லாமல் சாகிறார்கள், காட்சி கோலாகலமாக இருக்கிறது. ஒரே கதை இரண்டையும் செய்யும் என்பதை மறக்கக் கூடாது.

'யோஜோ செங்கி' முதல் உலகப்போர் கால ஐரோப்பாவைப் போன்ற ஓர் உலகில் நடக்கிறது. ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கும் ஓர் அதிகாரி, தான் நீக்கிய ஒருவனால் ரயில் முன் தள்ளப்பட்டுச் சாகிறான். மறுபிறவியில் அநாதைச் சிறுமி தான்யா. 2017 அனிமேயில் எதிரி நாட்டுத் தலைநகரின் ஆயுதத் தொழிற்சாலையைக் குண்டு போட்டு அழிக்க வேண்டும். போர்ச் சட்டப்படி முன்னெச்சரிக்கை கொடுத்தாக வேண்டும். தான்யா கொடுக்கிறாள், மழலைக் குரலில், பள்ளி ஆண்டு விழாவில் ஒப்பிக்கிற மாதிரி. கேட்கிறவர்கள் குழந்தை விளையாட்டு என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். தொழிற்சாலை தரைமட்டமாகிறது. சட்டத்தின் ஒரு எழுத்தும் மீறப்படவில்லை. பின்னால் ஆரேன் என்ற நகரில் இதே தர்க்கம் பெரிதாக வருகிறது. வெளியேறும்படி அறிவித்தாயிற்று, ஆகவே மிச்சம் இருப்பவர்கள் எல்லாரும் படைவீரர்களே என்ற வாதம். அதற்கு வழி வகுத்தது தான்யா முன்பு எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை. இங்கே முறிக்கப்படுவது 'முன்வாழ்க்கை அறிவு உலகை மேம்படுத்தும்' என்ற உத்தரவாதம். மற்றக் கதைகளில் ஹீரோ மயோனைஸ் செய்யச் சொல்லிக் கொடுப்பான், சோப்பு காய்ச்சுவான். இவள் கொண்டுவருவது மனிதரைக் கோப்பாகப் பார்க்கும் அலுவலகப் பழக்கம்.

சர்ச்சைகளுக்கு வருவோம். 2021 ஜனவரியில் இரண்டு அனிமேகள் வெளிவந்தன, இரண்டும் வேறு வேறு காரணத்துக்காக வசை வாங்கின.

ஒன்று, 'கைஃபுகு ஜுட்சுஷி'. 'ரீடூ ஆஃப் ஹீலர்' என்றால் பலருக்குத் தெரியும். கண்டிப்பாகச் சொன்னால் இது இசெகாய் இல்லை. தன் உலகத்திலேயே காலத்தைத் திருப்பி மீண்டும் தொடங்குகிறவனின் கதை. ஆனாலும் அதே வாசகர், அதே அச்சு. குணமாக்கும் சக்தி கொண்ட ஒருவன் போதை மருந்து கொடுக்கப்பட்டு, பாலியல் கொடுமை உட்பட எல்லா விதமாகவும் வதைக்கப்படுகிறான். காலத்தைத் திருப்பி, தன்னை வதைத்த இளவரசியை அதேபோல் வதைக்கிறான். பிறகு அவளுடைய முகத்தை மாற்றி, நினைவை அழித்து, தன்னை நேசிக்கும் துணையாக்கிக்கொள்கிறான். தொலைக்காட்சிக்கு வெட்டிய வடிவம், சற்றுக் கூடுதல் வடிவம், முழு வடிவம் என்று மூன்று விதமாக இதை ஒளிபரப்பினார்கள்.

பழிவாங்கும் கதை என்பதற்காக இதைத் தவறென்று சொல்ல முடியாது. பழிவாங்கும் கதை நம்மிடமும் ஏராளம். பாலியல் வன்முறைக்கு ஆளான ஓர் ஆணை நடுவில் வைத்தது உண்மையில் அரிதான விஷயம், அதைக் கதை கவனித்திருந்தால் பெரிய காரியமாகியிருக்கும். கோளாறு எங்கே என்றால், நினைவு அழிப்பில். நினைவை அழித்த பிறகு அவள் சிரிக்கிறாள், நேசிக்கிறாள், சம்மதிக்கிறாள். அந்தச் சம்மதத்தை உண்டாக்கியவன் அவனே. குற்றத்தின் சாட்சியை அழித்துவிட்டு, அவளிடமிருந்தே நற்சான்றிதழ் வாங்கி மாட்டிக்கொள்கிறான். கதை அதை அவனுக்குப் பரிசாகவே தருகிறது. மேலே சொன்ன 'யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்' என்ற உத்தரவாதம் இங்கே முறியவே இல்லை. இன்னும் இறுகியிருக்கிறது.

மற்றொன்று 'முஷோக்கு தென்செய்'. வேலையில்லாமல் அறைக்குள் அடைந்து கிடந்த 34 வயதுக்காரன் குழந்தையாகப் பிறக்கிறான். நினைவு முழுதாக இருக்கிறது. சிறுமிகளை அவன் பார்க்கும் பார்வை வளர்ந்த ஆணின் பார்வை, அதைத் தொடர் பல இடங்களில் நகைச்சுவையாக்குகிறது. வக்கரித்த மனிதன் மெல்லத் திருந்துவதைக் காட்ட வக்கிரத்தைக் காட்டியாக வேண்டும் என்பது ஆதரவாளர்கள் வாதம். வெளியே போகவே நடுங்கியவன் முதன்முதலில் வாசலைத் தாண்டும் காட்சியைப் பார்த்தால் அந்த வாதத்தில் சாரம் இருப்பது தெரியும். ஆனால் திருத்தத்தின் கதையில் முதலில் தவறு தவறாகத் தெரிய வேண்டும். அவனுடைய பயத்தை இவ்வளவு நுணுக்கமாக எடுத்த கேமரா, அந்தப் பெண் குழந்தைகள் பக்கம் திரும்பும்போது அவன் கண்ணையே மாட்டிக்கொள்கிறது. அங்கே என்னால் அந்த வாதத்தை ஏற்க முடியவில்லை. 2021 பிப்ரவரியில் சீனாவின் பிலிபிலி தளம் இந்தத் தொடரை எடுத்துவிட்டது.

அடிமை முறை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வகையில் அது மேசை நாற்காலி மாதிரி சகஜமாகிவிட்டது. 'கேடய வீரன்' கதையில், 2019 அனிமே, நவோஃபுமி பொய்யான பாலியல் குற்றச்சாட்டில் எல்லாரையும் இழந்து, ரஃப்தாலியா என்ற சிறுமியை அடிமையாக வாங்குகிறான். கட்டளையை மீறினால் அவள் மார்பில் உள்ள முத்திரை வலிக்கும். மதிப்பெண் ஏற ஏற அவள் உடம்பும் வளர்ந்துவிடும் என்பது அந்த இனத்தின் இயல்பாம். பிறகு மற்றவர்கள் முத்திரையை நீக்குகிறார்கள். அவள் தானே கேட்டு மறுபடி போட்டுக்கொள்கிறாள்.

இந்த இடத்தில் நிதானமாக யோசியுங்கள். 'அவளே விரும்பித்தானே போட்டுக்கொண்டாள்' என்று வாதாடுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். ரஃப்தாலியா என்று ஒருத்தி எங்கும் இல்லை. அவள் விருப்பத்தை எழுதியவர் ஆசிரியர். அடிமைக்கு எசமானன் மேல் பாசம் வரும், சிறுமி சீக்கிரம் பெரியவளாகிவிடுவாள், குற்றம் சாட்டியவள் பொய்க்காரியாகவே இருப்பாள் என்பதெல்லாம் அந்த உலகத்துக்கு ஆசிரியர் போட்ட சட்டங்கள். ஹீரோ செய்வது அந்த உலகில் நியாயமாகத் தெரிவது ஏன் என்று கேட்டால், நியாயமாகத் தெரியும்படி உலகையே வளைத்திருக்கிறார்கள் என்பதுதான் பதில். இருண்ட இசெகாயை எடைபோட வேண்டிய இடம் இதுவே. கதாபாத்திரம் கெட்டவனா என்பது சின்னக் கேள்வி. உலகின் விதிகள் யாருக்குச் சாதகமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன என்பது பெரிய கேள்வி.

கையில் ஒரு கதை கிடைத்தால் சோதிக்க வழி இருக்கிறது. கொடுமை நடக்கும் பக்கத்தில் நின்று, நாம் யாருடைய உடம்புக்குள் இருக்கிறோம் என்று பாருங்கள். அடுத்து ஐந்து அத்தியாயம் தள்ளிப் போய், அந்தக் காயம் இன்னும் இருக்கிறதா, பாதிக்கப்பட்டவர் தூங்குகிறாரா, பேசுகிறாரா, அல்லது கதையிலிருந்தே காணாமல் போய்விட்டாரா என்று தேடுங்கள். பாதிக்கப்பட்டவரால் 'முடியாது' என்று சொல்லியிருக்க முடியுமா, சொன்னால் கதை நகருமா என்று கேளுங்கள். கடைசியாக, எதிரியை மனிதனாகக் காட்டும் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனையில் 'கிரிம்கர்' எளிதாகத் தேறும், 'ஓவர்லார்ட்' பாதி தேறும், 'ரீடூ' முதல் கேள்வியிலேயே விழும்.

எழுத நினைக்கிறவர்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் ஒரே இடத்தில். முதல் மூன்று அத்தியாயத்தில் ஹீரோ மேல் தாங்க முடியாத கொடுமையைக் கொட்டிவிட்டு, மிச்ச இருநூறு அத்தியாயத்துக்கும் அதையே உரிமச் சீட்டாகக் காட்டுவது. பட்ட துன்பம் நடத்தையை விளக்கும். நியாயப்படுத்த வேண்டுமென்றால் ஒவ்வொரு செயலுக்கும் தனியாக உழைக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் பார்வையில் ஓர் அத்தியாயம் எழுதிப் பாருங்கள். வெளியிட வேண்டாம், எழுதினால் போதும். அதற்குப் பிறகும் ஹீரோவின் அத்தியாயம் அப்படியே நிற்கிறதென்றால் கதை தாங்கும்.

சில சமயம் சிக்கல் புத்தகத்துக்கு வெளியிலிருந்து வரும். 'நிதோமே நோ ஜின்செய்' என்ற தொடர்நாவலின் நாயகன், முன்வாழ்க்கையில் போர்க்களத்தில் வாளால் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றவன். அதுவே அவனுடைய திறமைச் சான்று. 2018 மே மாதம் அனிமே அறிவிப்பு வந்தது. சீனர்களையும் கொரியர்களையும் இழிவுபடுத்தி ஆசிரியர் முன்பு இட்ட பதிவுகள் வெளியே வந்தன. குரல் நடிகர்கள் விலகினார்கள், ஜூனில் அனிமே ரத்து, புத்தகங்கள் கடைக்குப் போவதும் நிறுத்தப்பட்டது. அதுவரை வாசகர்கள் சும்மா கடந்து போன அந்தக் கொலைக் கணக்கு, யாரை, எந்த நாட்டில் கொன்றது என்ற கேள்வியாக மாறியது. கழித்துவிட்டதாக நினைத்த முன்வினை கதைக்குள் திரும்பி வந்துவிட்டது.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால்: முதலில் 'கிரிம்கர்', 12 பகுதிகள்தான். அடுத்து 'ரீ:ஸீரோ'வின் முதல் பருவம், 13ஆம் பகுதியோடு நிறுத்தாமல் 18 வரை. அதன் பிறகு 1999இல் வந்த 'இமா, ஸோகோ நி இரு போகு', 13 பகுதிகள். 'ஷோசெட்சுகா நி நாரோ' தளம் பிறப்பதற்கு முன்பே வந்த இதில் ஷூ என்ற பையன் கையில் ஒரு கெண்டோ வாள்பயிற்சிக் கம்போடு பாலைவன உலகில் போய் விழுகிறான். முதல் பகுதி குதூகலமான சாகசம் போலிருக்கும். பிறகு கிராமங்களிலிருந்து பிடித்து வரப்பட்ட குழந்தைப் படைவீரர்கள், வேறொருத்தி என்று தவறாக நினைத்துக் கடத்தப்பட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளாகும் சாரா. வன்முறையை உடம்பில் காட்டாமல், மூடிய கதவிலும் மறுநாள் அவள் உட்கார்ந்திருக்கும் விதத்திலும் காட்டுகிறார்கள். மனம் கனக்கும் நாளில் இதைத் தொடங்க வேண்டாம், ஒரே மூச்சில் பார்க்கவும் வேண்டாம்.

எதைப் பற்றி வாதாடினாலும் எந்த வடிவம் என்று முதலில் சொல்லிவிடுங்கள். இணையத்தில் வந்த தொடர், அச்சு நூல், மங்கா எனும் படக்கதை, அனிமே நான்கும் வேறுபடும். 'ஓவர்லார்ட்' அச்சு நூலில் எப்போதும் எசமானன் பக்கத்திலேயே நிற்கும் அல்பெடோ என்ற பாத்திரம், இணையத் தொடரில் கிடையவே கிடையாது.